கல்யாணப் பந்தலுக்குக் கீழே ஒரு பாசித் தொட்டி

வெயிலைக் குறை சொல்லி என் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கீழ்வேளூர் பக்கம், வயலை ஒட்டிய வீடு. ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல மூட்டம் போட்டால் அப்பாவின் முகமும் மூட்டம் போட்டுவிடும். "பூச்சி வுழுந்துரும்", "பூக்குற நேரத்துல இப்படி இருந்தா பதருதான்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு ஒரு காலை சுள்ளென்று வெயில் அடித்தால் இருவரும் வாசலுக்கு வந்து, வெளியூரிலிருந்து யாரோ பெரிய மனிதர் வந்து இறங்கினதைப் போல வானத்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு வெயில் எவ்வளவு இருந்தாலும் போதாது. நுண்ணுயிரியலில் முதுகலை முடித்தேன். ஒளிச்சேர்க்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அத்தனைக்குப் பிறகும் எனக்குள் இருந்த நெல்வீட்டுப் பெண் நகரவே இல்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மாடித் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரச் சிறு நகரம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். கணவர் ஷார்ஜாவில். மாமனார் கடைவீதியில் பாய்க்கடை வைத்திருந்தார். வீட்டில் மாமியார், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார், இவள். வகுப்பில் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "கொஞ்சம் தள்ளு, நாங்களும் பாக்கணும்ல" என்று நாங்கள் கத்துவோம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் போனில் பேசும்போது, "இன்னிக்கு என்ன பண்ணின?" என்று கேட்டேன். "துணி காயப்போட மாடிக்குப் போனேன், இறங்கி வந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மாடியைப் பற்றி மறுபடி மறுபடி யோசித்தேன். பெரிய மொட்டை மாடி. எட்டிப் பார்த்தால் ஊர்க் கூரைகளும் தென்னைகளும். நான் அப்போது ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். சுருள்பாசி வளர்க்கலாம் என்ற எண்ணம் என்னைத் திடீரென்று பிடித்துக்கொண்டது. ஸ்பைருலினா என்று மாத்திரையாகவும் மாவாகவும் விற்கிறார்களே, அதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். சோடா உப்பும் கல்லுப்பும் கொஞ்சம் உரமும் கரைத்த தண்ணீர், வெளிச்சம், அவ்வப்போது கலக்கிவிட ஒரு கை. இவ்வளவுதான் அது கேட்பது. இவ்வளவும் அந்த மாடியில் இருக்கிறது என்றேன். "மாமியக் கேக்கணும்" என்றாள்.

அவளுடைய மாமியாரை அவள் மாமி என்பாள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன். நான் நேரில் போய்ச் சொன்னதை மாமி முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்க பாரு புள்ள. நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேருந்து மாடியில பாசி புடிக்காம தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். மழைக்காலம் வந்தா பிளீச்சிங் பவுடரும் கையுமாத்தான் நிப்பேன். இப்ப என் மருமவ எம்.எஸ்சி. படிச்சிட்டு வந்து அதே மாடியில பாசி வளக்கப் போறேங்குறா."

"இது வேற பாசி மாமி. சாப்புடற பாசி."

"பாசின்னா வழுக்கும். வழுக்கி வுழுந்தா யாரு பாக்குறது? நீயா வந்து பாப்ப?"

தோழி மாமியின் காலடியில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சியிருந்தால் மாமி மறுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவள் கெஞ்சாமல் இருந்ததைத்தான் மாமி கவனித்தார் போல.

"சரி. நோன்பு கழிஞ்சு இவ நாத்தனா கல்யாணம் இருக்கு. அது வரைக்கும் வச்சுக்குங்க. கல்யாணத்தன்னிக்கு நான் மேல வந்து பாப்பேன். நீங்க சொல்றாப்ல வெளஞ்சிருந்தா இருக்கட்டும். இல்லாட்டி அத்தனையும் கழுவி வுட்டுட்டு, இவ கீழ வந்து எங்களோட மனுசியா இருக்கட்டும்."

இந்தப் பந்தயத்தில் தோற்றால் எனக்கு ஒன்றும் போய்விடாது. நான் இன்னொன்றைத் தொடங்குவேன், அதுவும் தோற்றால் வேறொன்று. என் சுபாவம் அப்படி. அவளுக்கு இருந்தது அந்த மாடி ஒன்றுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

விதைக்கு விடுகிற தாய்ப் பாசி வாங்க வேதாரண்யம் பக்கம் போனேன். உப்பளங்களைத் தாண்டி, உப்பு விளைவிக்கிற ஒருவர் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார். ஒரு கேன் நிறைய, கரும்பச்சையாக, ஊற்றிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் கேனை மடியிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆடியது. கண்டக்டர் மூடியில் கசிந்திருந்த பச்சையைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குப் பெயிண்டா?" என்றார். "உயிருங்க" என்றேன். "உயிருக்கும் அரை டிக்கெட் போடவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு முழுக்க அந்தப் பாசி ஒரு கறுப்புக் கேனுக்குள் இருட்டில்தான் கிடந்தது. மாடியில் கொண்டுபோய் ஊற்றியபோது அப்படியே பச்சையாக இருந்தது. இதை அப்போதே நான் யோசித்திருக்கலாம்.

தொட்டி என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. செங்கல்லை நீளவாட்டில் அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டினோம். படிக்கட்டு அறையின் சுவரோரமாக வைத்தோம். பாதி நாள் அந்தச் சுவரின் நிழலும், மீதி நேரம் பக்கத்துக் கொல்லைத் தென்னையின் ஓலை நிழலும் அதன்மேல் ஊர்ந்துபோகும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்ல வெயில வீணாக்குறோம்" என்பேன். தோழி, "வளருதுல்ல, விடு" என்பாள். வளரத்தான் செய்தது. புதுத் தென்னந்துடைப்பம் ஒன்றைக் கலக்குவதற்கென்றே வைத்திருந்தாள். நோன்பு நாட்களில், நாக்கு வறண்டுபோன மதியத்திலும் மாடி ஏறி ஒரு முறை கலக்கிவிட்டு இறங்குவாள். கலக்காவிட்டால் மேலே இருப்பது மட்டும் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருக்கும், அடியில் இருப்பது பட்டினி கிடக்கும். நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமி என்னை விடமாட்டார். "கஞ்சி குடிக்காமப் போனா நாளைக்கு வராதே" என்று ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கஞ்சியின் மணம் எனக்கு இன்றும் பாசித் தொட்டியோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறது.

எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு குச்சி இருந்தது. மாமி வீட்டு உடைந்த பீங்கான் சாஸரில் ஒரு சில்லை எடுத்து குச்சியின் நுனியில் கட்டியிருந்தோம். அதைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்க வேண்டும். வெள்ளைச் சில்லு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதை வைத்துப் பாசியின் அடர்த்தி தெரியும். முதலில் அடிவரைக்கும் சில்லு தெரிந்தது. நோன்புப் பெருநாளை ஒட்டி, இரண்டு விரல்கடைக்குள் மறைய ஆரம்பித்தது. அறுவடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

அங்கேதான் எனக்கு அவசரம் வந்தது. ஒரு தொட்டி இவ்வளவு தந்தால் இரண்டு தொட்டி எவ்வளவு தரும்! கல்யாணத்தன்று மாமி மேலே வரும்போது மாடி நிறையப் பச்சை தெரிய வேண்டும். அதே நேரத்தில் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் அடிவாசல் முதல் மாடி வரை வெள்ளை ஏறியாக வேண்டும். கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறை, தளம், எல்லாம் சுண்ணாம்பு. சுவரோரத்தில் இருந்த தொட்டியை நகர்த்தச் சொன்னார்கள். எனக்கு அது வரம் கிடைத்தது போல இருந்தது. மாடியின் நட்டநடுவில், ஒரு துளி நிழலும் விழாத இடத்தில், புதிதாக இரண்டு தொட்டி கட்டினோம். இருந்த பாசியை இரண்டுக்கும் பங்கிட்டு, புதுத் தண்ணீர் சேர்த்து விட்டோம். பச்சை இளசாகிப் போனது. வெயில் அதன் அடிவரை பாய்ந்தது. சுற்றிலும் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தளம், சித்திரை. கண்ணைத் திறக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்று, "எவ்வளவு வெளிச்சம்!" என்று பூரித்தோம். எங்கள் கண் கூசிய இடத்தில் அதற்கு மட்டும் கூசாது என்று எப்படித்தான் நினைத்தோமோ.

அடுத்த சில நாளில் பச்சை வெளிற ஆரம்பித்தது. முதலில் பச்சைப்பயறு நிறம். அப்புறம் கடுகை அரைத்துக் கரைத்தது போல. மேலே அழுக்காக நுரை ஒதுங்கியது. தோழி தினமும் காலையில் படம் பிடித்து அனுப்புவாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். உரம் போதவில்லையோ என்று கொஞ்சம் யூரியா போட்டோம். உவர்ப்பு குறைந்துவிட்டதோ என்று சோடா உப்பு சேர்த்தோம். சுண்ணாம்பு விழுந்துவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தோம். வேதாரண்யத்துக்காரருக்குப் போன் போட்டால், அது உப்பு வாரும் காலம், எடுக்கவே இல்லை. ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. வெயிலை. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோதுகூட, "வெயில் நல்லா படுதுல்ல?" என்றுதான் கேட்டாள். "நல்லா படுதும்மா" என்றேன், பெருமையாக.

கீழே கல்யாணக் களை கட்டிக்கொண்டிருந்தது. தோழி துடைப்பத்தை எடுத்துக் கலக்குவாள், நிறுத்துவாள், கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். விரல் சந்தில் வழிந்ததெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்கும் மேலே இருக்கும்போதே பந்தல்காரர் மூங்கிலும் கயிறும் துணி மூட்டையுமாக மாடி ஏறிவிட்டார். அடுத்தடுத்து அவருக்கு ஊரெங்கும் பந்தல் இருந்தது. இப்போதே கட்டிவிட்டால்தான் உண்டு என்றார். கல்யாணத்துக்கு வருகிற பெண்களுக்கு மாடியில்தான் சாப்பாடு. மாடி முழுவதும் மூட வேண்டும். ஏற்கெனவே செத்துக்கொண்டிருப்பதன் தலையில் துணியையும் போர்த்தினால்?

"ஏங்க, இந்த நடுவுல மட்டும் தொறந்து விடுங்களேன்."

அவர் மூங்கில் முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார். "எதுக்கு?"

"இந்தத் தொட்டிக்கு வெயில் வேணுங்க."

"ஏம்மா, நான் பந்தல் கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லாரும் நெழலுக்குத்தான் என்னைக் கூப்புட்டிருக்காங்க. வெயிலுக்குக் கூப்புட்ட மொத ஆளு நீதான்."

"ஒரே ஒரு துணி மட்டும்ங்க."

"பந்தல்ல ஓட்ட வுட்டா மாப்பிள்ள வூட்டாளுங்க என்னையும் சேத்து மூங்கில்ல கட்டிப்புடுவாங்க. தள்ளிக்க."

தோழி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "விடுடி. வெயில்லயே வெந்து சாவறதப் பாத்துட்டேன். நெழல்லயாவது கெடக்கட்டும்" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழேயிருந்து மாமியின் குரல். "பாய் விரிக்க எடம் வேணும். ரெண்டு தொட்டியில ஒண்ண எடுத்துருங்க!" அதுவும் போயிற்று. இரண்டாவது தொட்டியில் இருந்ததைக் குடம் குடமாக மொண்டு முதல் தொட்டியிலேயே ஊற்றினோம். பாதி ஆழத்துக்கு இருந்த தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. தலைக்கு மேலே சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் துணி இழுத்துக் கட்டப்பட்டது. மாடி முழுவதும் ஆரஞ்சுப் பழத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது.

அன்று பஸ்ஸில் நான் வேறு வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறைக்க என்ன இருக்கிறது. மனசளவில் நான் கிளம்பிவிட்டேன்.

கிளம்பாதது அவள்தான். கிடக்கட்டும் என்று சொன்ன வாயோடு கலக்குவதை நிறுத்தவில்லை. உறவுக்காரப் பெண்கள் வர ஆரம்பித்ததும் அவர்களையும் விடவில்லை. மாடி நிழலாக இருந்ததால் அத்தனை பேரும் அங்கேதான் கிடந்தார்கள். இஞ்சி பூண்டு உரிப்பது, சீர்த் தட்டுக்குக் காகிதம் ஒட்டுவது, ஊர்க்கதை பேசுவது, எல்லாம் மேலேதான். தொட்டியைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மச்சி இது, பிரியாணி தேக்சாவ விடப் பெருசா இருக்கு?" என்றாள் தோழிக்கு நாத்தனார் முறையான ஒரு பெண்.

"மாப்புள்ளைக்கு சூப்பு" என்றாள் மணப்பெண்ணே, மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "குடிச்சாத்தான் கல்யாணப் புத்தகத்துல கையெழுத்துப் போடலாம்னு சொல்லிருக்கோம்."

"அப்ப கல்யாணம் நின்னுடும்டி!"

"சிரிச்சது போதும், இந்தப் பக்கம் போறவங்க எல்லாரும் நாலு தள்ளு தள்ளிட்டுப் போங்க" என்று தோழி துடைப்பத்தை நீட்டினாள். கல்யாண வீட்டில் யாரிடம் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நான் எப்போது மேலே போனாலும் யாராவது ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கலக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டே பேர் நாளெல்லாம் ஏறி இறங்கிச் செய்ததை, அந்தப் பெண்கள் பேச்சோடு பேச்சாகச் செய்துவிட்டார்கள். அவர்களில் பலர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நன்றி சொல்லியிருப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் போனேன். தோழி படியிலேயே காத்திருந்தாள். மேலே இழுத்துக்கொண்டு போனாள்.

"பாரு. உனக்கு எப்படித் தெரியுது?"

பார்த்தேன். கறுப்பாகத் தெரிந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், அவளும் செக்கச் செவேலென்று இருந்தாள். என் கையும் அப்படித்தான். அந்தத் துணிக்குக் கீழே எந்த நிறத்தையும் நம்ப முடியாது.

"கறுத்துப் போச்சுடி. அழுகிடுச்சோ?"

"மோந்து பாத்தேன். அழுகல் இல்ல."

ஒரு கண்ணாடி தம்ளரில் மொண்டுகொண்டு இரண்டு பேரும் இறங்கினோம். இறங்குவது அவ்வளவு லேசாக இல்லை. படி முழுக்கச் செருப்பு. கூடத்தில் பாய், பாயில் பிள்ளைகள். "ஏ, சர்பத்தா? எனக்கொண்ணு" என்று யாரோ கையை நீட்டினார்கள். தோழி தம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது இல்ல, இது இல்ல" என்று ஓடினாள். தெருவாசலைத் தாண்டி வெயிலில் நின்று தூக்கிப் பிடித்தோம்.

பச்சை. இளசு இல்லை, வெளிறல் இல்லை, கடுகு இல்லை. வேதாரண்யத்துக் கேனில் வந்ததே, அந்தக் கரும்பச்சை. அதன் ஓரத்தில் சூரியன் பட்ட இடத்தில் ஒரு நீலச் சாயல்.

தெருவில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அன்று திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது. கறுப்புக் கேனில் நாளெல்லாம் இருட்டில் கிடந்தும் சாகாதது, வெட்டவெளியில் வெளிறிப் போயிற்று. சுவரோரத்தில் அரை நிழலில் நன்றாக வளர்ந்தது, நட்டநடுவில் நின்றதும் மஞ்சளாயிற்று. அடர்த்தியாக இருக்கும்போது ஒரு இழை இன்னொரு இழைக்கு நிழல். கொஞ்ச நேரம் மேலே வந்து வெயில் வாங்கும், கலக்கினதும் அடியில் போய் இளைப்பாறும். நான் அதைப் பங்கிட்டு நீர்த்துப்போக விட்டேன். ஒன்றுக்கு ஒன்று நிழலாக இருந்ததைப் பிரித்துவிட்டேன். போதாததற்கு சுற்றிலும் வெள்ளைச் சுவர், மேலே வந்த வெயிலைப் பக்கவாட்டிலும் திருப்பி அடித்தது. வாங்கக்கூடிய அளவுக்கு மேல் வெளிச்சம் விழுந்தால் பச்சையமே சிதைந்துபோகும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டு!

சந்தேகம் ஒன்று இருந்தது. காப்பாற்றியது நிழலா, அல்லது துணி போட்டதால் தண்ணீர் குளிர்ந்ததா? பிற்பாடு சும்மா இருக்க முடியாமல் வாளிகளில் வைத்துப் பார்த்தோம். நீர்த்த பாசியை இரண்டு வாளியில் எடுத்து, ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் வைத்தோம். வெயிலில் இருந்ததைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, சாக்கு காயக் காய நனைத்துக் குளிரவே வைத்திருந்தோம். அப்படியும் அது வெளிறியது. அடர்ந்த பாசியை அதே வெயிலில் வைத்தால் அது கண்டுகொள்ளவே இல்லை, இன்னும் வேகமாக வளர்ந்தது. வெயில் கெட்டதில்லை. அது வருகிற நேரத்தில் பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம வெயிலு தப்பில்லைல்ல?" என்றார். அவருக்கு அது உறுதியானால் போதும். சிவப்புத் துணிக்கு அதில் தனியாக ஏதாவது பங்கு உண்டா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. உண்டு என்று சொல்லத்தான் ஆசை.

கல்யாணத்தன்று மாடியில் பாய் விரித்து, ஒரு தாம்பாளத்துக்கு நாலு பேராகப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார்கள். நானும் முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். அவர்கள் கறித்துண்டுகளை என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஓய்ந்து, பெண்ணை அனுப்பிவைத்து, அழுது முடித்து, மாமி மேலே வந்தார். வருவார் என்று தெரியும். ஆனாலும் படியில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டதும் தோழி அவசரமாக இன்னொரு முறை கலக்கிவிட்டாள்.

நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார்.

"கறுப்பால்ல இருக்கு?"

"துணி நெறம் மாமி. உள்ள பச்சைதான்" என்றேன்.

"நீ சொன்னா? எனக்கு எப்படித் தெரியும்?"

தோழி குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மாமி நுனியில் இருந்த சில்லைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்கூட்டு சாஸர்ல?"

"ஒடஞ்சது மாமி. அத தண்ணியில விடுங்க. தெரியுதான்னு பாருங்க."

மாமி விட்டார். தண்ணீரைத் தொட்டு, ஒரு விரல்கடை இறங்கினதும் வெள்ளை மங்கியது. அடுத்த விரல்கடைக்குள் இல்லாமல் போயிற்று.

"காணோம்" என்றார்.

எடுத்தார். இருந்தது. மறுபடி விட்டார். காணோம். கல்யாணக் களைப்பெல்லாம் மறந்து, இன்னொரு தரம் எடுத்தார், விட்டார். "எங்க போவுது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அங்கே நிற்பது சரியில்லை என்று தோன்றி, கைப்பிடிச் சுவரோரம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் மாமியின் குரல் கேட்டது: "இத்தனை நோன்புலயும் ஏறி ஏறிப் போனியே புள்ள."

மறுநாள் காலையில் பந்தல்காரர் அவிழ்க்க வந்தார். ஒரு பக்கத்திலிருந்து துணி சரிந்துகொண்டே வந்தது. ஆரஞ்சு போய் வெள்ளைச் சுவரில் வெயில் பளீரென்று ஏறியது. தொட்டிக்கு மேலே இருந்த முடிச்சில் அவர் கை வைத்ததும், மாமி படிக்கட்டு வாசலில் நின்றபடி சொன்னார்:

"அந்த நடுத் துணிய அவுக்காதீங்க."

"ஏன் பெரியம்மா?"

"அது இருக்கட்டும். என் மருமவளுக்கு வேணும்."

"ஒரு துணி கொறஞ்சா அடுத்த பந்தல்ல ஒரு மூல தொறந்து கெடக்குமே?"

"கெடக்கட்டும். அங்கயும் எவளாவது வெயிலு வேணும்னு கேட்டுக்கிட்டு நிப்பா."

பந்தல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். முடிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு யாரும் கேட்காமலேயே கயிற்றை ஒரு சுற்று கூடப் போட்டு இறுக்கினார், மாடிக் காற்றுக்குத் தாங்க வேண்டுமே என்று. தோழி துடைப்பத்தை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள்.